1885 பஸ்ஸில் (bustle) பாவாடை: எந்தத் துணி எடுப்பது?

நூல்கண்டு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் லெஸ்டரில் இருக்கிறேன். பிளவுஸ், பட்டுப்பாவாடை, லெஹங்கா எல்லாம் பத்து வருடமாகத் தைக்கிறேன். பழங்கால ஐரோப்பிய உடை தைப்பது இதுதான் முதல் தடவை.

வரும் அக்டோபரில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நீராவி ரயில் விழா நடக்கிறது. விக்டோரியா காலத்து உடையில் வருகிறவர்கள் பிளாட்ஃபாரத்தில் நடந்துபோவார்கள். போன வருடம் வேடிக்கை பார்க்கப் போனவள், இந்த வருடம் உடுத்திக்கொண்டு போவது என்று முடிவு செய்துவிட்டேன். 1885 வாக்கில் தெருவில் நடக்கப் பெண்கள் போட்ட உடைதான் என் குறி. பஸ்ஸில் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும் கம்பிக்கூடு. பாவாடை அதன் மேல் ஏறி, பின்பக்கம் புடைத்துக்கொண்டு இறங்கும். கூட்டைத் தைத்து முடித்துவிட்டேன். பேட்டர்னும் இருக்கிறது. துணி விஷயத்தில்தான் ஒரு மாதமாக நின்றுபோயிருக்கிறேன்.

ஆன்லைனில் ஒரு கடையில் "சுத்தப் பட்டு டஃபெட்டா" என்று போட்டிருந்ததை நம்பி 4 மீட்டர் வாங்கினேன். டஃபெட்டா என்றால் மொறமொறப்பான, விறைப்பான துணி. வந்ததும் ஓரத்தில் இரண்டு நூல் பிரித்து நெருப்பில் காட்டினேன். முடி கருகும் வாசனை வரவில்லை. உருகிச் சொட்டி, கடுகு மாதிரி கெட்டியாக உருண்டுவிட்டது. பாலியெஸ்டர். வெட்டிக் கொடுத்த துணி என்பதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

இப்போது என் முன்னால் இருப்பவை மூன்று: இந்த டஃபெட்டா, பெல்கிரேவ் ரோட்டில் பார்த்து வைத்திருக்கும் டுபியான் பட்டு, அம்மா கொடுத்த அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு. எதை எடுக்கலாம்? மூன்றுமே வேண்டாமா? தைத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கத்தரி_மீனா

லண்டனில் நாடக உடை தைக்கும் பட்டறைகளில் பதினைந்து வருடம் வேலை செய்திருக்கிறேன். பஸ்ஸில் பாவாடை மட்டும் முப்பதுக்கு மேல் என் கையால் போயிருக்கும்.

நீங்கள் ஆண்டைச் சொல்லிக் கேட்டது ரொம்ப நல்லது. "விக்டோரியா காலம்" என்று மொத்தமாகக் கேட்டால் யாராலும் துணி சொல்ல முடியாது. பஸ்ஸில் காலம் என்பதற்குள்ளேயே மூன்று உருவம் இருக்கிறது. 1869 வாக்கில் தொடங்கி 1876 வரை முதல் பஸ்ஸில். பின்பக்கம் மெத்தென்று உருண்டு, அருவி மாதிரி இறங்கும். தையல் மெஷின் வீட்டுக்கு வீடு பரவிய காலம், அதனால் அதே துணியிலேயே சுருக்கு, மடிப்பு, பட்டி என்று வரிசை வரிசையாக வைத்துத் தைத்தார்கள். 1877-இலிருந்து 1882 வரை கூடே இல்லை என்று சொல்லலாம். உடல் வடிவத்தோடு ஒட்டிய பாவாடை, உள்ளே நாடா வைத்துக் கால் பக்கம் இழுத்துக் கட்டுவார்கள். 1883 முதல் 1889 வரை இரண்டாவது பஸ்ஸில். இது அலமாரித் தட்டு போல இடுப்பிலிருந்து நேராகப் பின்னால் நீண்டு, அங்கிருந்து செங்குத்தாக விழும். உங்களுடையது இந்த மூன்றாவது.

முதல் உருவத்துக்கு மொறமொறப்பான டஃபெட்டா அழகாக இருக்கும். உடலோடு ஒட்டிய இரண்டாவது உருவத்துக்கு அதையே எடுத்தால் தொடையை ஒட்டாமல் விறைத்துக்கொண்டு நிற்கும்; அங்கே மெல்லிய காஷ்மீர் கம்பளி, சாட்டின் மாதிரி வழுக்கி இறங்குவது வேண்டும். உங்களுக்கு எடை உள்ள துணி வேண்டும். வெல்வெட், ப்ளஷ் (மயிர் நீண்ட வெல்வெட்), செர்ஜ் (சாய்வரி நெசவுக் கம்பளி), கனமான ஃபெய்ல் பட்டு (மெல்லிய குறுக்கு வரி ஓடுவது). அந்த வருடங்களின் உடைகளைப் பார்த்தால் சோபாத் துணியா என்று தோன்றும், அவ்வளவு கனம்.

புதிதாகத் தைக்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். பாவாடை புடைத்து நிற்க வேண்டுமே என்று விறைப்பான துணியைத் தேடுவார்கள். நிறுத்துகிற வேலை கம்பிக்கூட்டுக்கும், அதன் மேல் போடும் கஞ்சி போட்ட உள்பாவாடைக்கும், உள்ளே தைக்கும் லைனிங்குக்கும் உரியது. மேல் துணிக்கு ஒரே வேலை, அழகாக விழுவது. மேல் துணியே நிற்க முயன்றால் உடை மொத்தமும் காகிதத்தில் செய்தது மாதிரி ஆகிவிடும்.

கடையில் துணியை விரித்துப் பார்க்காதீர்கள். ஒரு மீட்டர் அளவுக்கு நுனியைக் கையில் கொத்தாகச் சுருக்கிப் பிடித்துத் தொங்க விடுங்கள். மடிப்புகள் ஆழமாக, மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாக இறங்கினால் அது உங்கள் துணி. நடுவழியில் உடைந்து கோணல்மாணலாக நின்றால் வேண்டாம்.

அக்டோபர், திறந்தவெளி, ஈரம் என்கிறீர்கள். நான் யோசிக்கவே மாட்டேன்: கம்பளி. ஆண்கள் சூட்டுக்கு எடுப்பார்களே, அந்த மெல்லிய சூட்டிங் கம்பளி.


யாழ்_தையல்

மீனா அக்கா சொன்னதோடு நூறு வீதம் ஒத்துப்போகிறேன். நான் டொரொன்டோவில் இருக்கிறேன். என் முதல் பஸ்ஸில் உடுப்பைப் பட்டில் தைத்தேன், இரண்டாவதைச் செர்ஜ் கம்பளியில் தைத்தேன். பட்டு உடுப்பு இரண்டு தரம் வெளியில் போனது. மழைத்துளி விழுந்த இடமெல்லாம் வட்ட வட்டமாகக் கறை, இன்றைக்கும் போகவில்லை. கம்பளி உடுப்பு ஏழெட்டுத் தரம் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் பிரஷ் பண்ணி, ஆவியில் காட்டி, தொங்க விடுவேன். அவ்வளவுதான் அதற்குச் செலவு.

1880-களில் பெண்களின் நடை உடுப்பைத் தையற்காரர்களே ஆண்களின் கோட்டு மாதிரி தைத்துக் கொடுக்கும் வழக்கம் பெரிதாக வந்தது. ஐல் ஆஃப் வைட் தீவில் கௌஸ் என்ற ஊரில் ரெட்ஃபெர்ன் கடை அதற்குப் பேர்போனது. ஆகவே 1885-க்குக் கம்பளி எடுப்பது மலிவான மாற்று ஒன்றும் இல்லை. அந்த நேரத்து நாகரிகமே அதுதான்.


நூல்கண்டு

நன்றி அக்கா, நன்றி யாழ். கம்பளி என்று என் மனதில் வரவே இல்லை. படங்களில் பளபளப்பைப் பார்த்துப் பார்த்துப் பட்டு என்றே நினைத்துவிட்டேன்.

அப்படியானால் டுபியானை முழுக்க விட்டுவிட வேண்டியதுதானா? கையில் எடுத்தால் நல்ல விறைப்பு, நிறமும் அருமையாக இருக்கிறது. அப்புறம் அம்மாவின் சேலை. பழசு, ஆனால் எங்கேயும் கிழியவில்லை. "சும்மாதானே பெட்டியில் இருக்கிறது, வெட்டித் தைத்துக்கொள்" என்று அம்மாவே சொல்லிவிட்டார். எனக்குத்தான் கை வரவில்லை.


பாவும்_ஊடும்

நான் நெசவுக் குடும்பம். டெக்ஸ்டைல் படித்துவிட்டுத் துணிப் பரிசோதனை வேலையில் இருக்கிறேன். பட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டுபியானில் இடையிடையே தடித்த நூல் முடிச்சு மாதிரி ஓடும் இல்லையா? இரண்டு புழு சேர்ந்து கட்டிய கூட்டிலிருந்து எடுத்த நூல் அப்படித்தான் வரும். இன்றைக்கு அதைக் கைத்தறியின் அழகு என்று பார்க்கிறோம். விக்டோரியா காலத்து நெசவாளிக்கு அது குறை. நல்ல உடைக்கு எடுத்த பட்டு கண்ணாடி மாதிரி சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய கணக்கு. அதனால் டுபியானில் எவ்வளவு கச்சிதமாகத் தைத்தாலும், விவரம் தெரிந்தவர்கள் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பிசிறும் நிறையப் போகும்.

இந்தியப் பட்டுக்கு அந்தக் காலத்தில் இடமே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஸ்டாஃபர்ட்ஷயரில் லீக் என்ற ஊரில் தாமஸ் வார்டில் என்ற சாயக்காரர் நம் டசர் பட்டுக்குச் சாயம் ஏற்றும் வழியைப் பல வருடம் முயன்று கண்டுபிடித்தார். 1878 பாரிஸ் கண்காட்சியில் அந்தத் துணிகளைக் காட்டினார். லண்டனில் 1875-இல் திறந்த லிபர்ட்டி கடை கீழை நாட்டுப் பட்டுகளை விற்றே பெயர் வாங்கியது. ஆனால் அவை மென்மையான, தளர்வான உடை விரும்பியவர்கள் எடுத்த துணி. 1885 நடை உடைக்குச் சரியாக வராது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். பழைய விக்டோரியன் பட்டுப் பாவாடை ஏலத்தில் வருகிறது, அதைப் பிரித்துத் தைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பட்டு நூலைக் கொதிக்க வைத்துப் பசையை எடுத்தால் கால் பங்கு எடை குறைந்துவிடும். துணியை எடை போட்டு மதித்த காலம், அதனால் போன எடையை உலோக உப்புகளில் முக்கித் திரும்ப ஏற்றினார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் வெள்ளீய உப்பு ரொம்பப் பரவியது. அப்படி எடை ஏற்றிய பட்டு கையில் கனமாக இருக்கும், நடந்தால் சலசலக்கும். ஆனால் உப்பு உள்ளே இருந்து நூலை அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு பழைய பாவாடையின் மடிப்பை விரித்துப் பார்த்திருக்கிறேன். கிழியவில்லை, நீளவாட்டில் கோடு கோடாகப் பிளந்தது. விரலில் பொடி ஒட்டியது. அவற்றைத் தொடாமல் பாதுகாப்பதே நல்லது.

காஞ்சிப் பட்டு விஷயம். முறுக்கு நூல், நல்ல எடை. விழும் விதத்தில் ஃபெய்லுக்குப் பக்கத்தில் வரும். துணியாக அது உங்கள் 1885-க்குப் பொருத்தம்தான். சிக்கல் ஜரிகையில். கரையை எங்கே வைத்தாலும் பார்க்கிறவர் கண் முதலில் "சேலை" என்றுதான் சொல்லும். உடலில் புட்டா இல்லாமல் இருந்தால், கரையை நீக்கிவிட்டு ஐந்தரை மீட்டரில் மேல்மடிப்பு (பாவாடையின் மேல் தூக்கிப் பிடித்துத் தொங்க விடும் பகுதி) மட்டும் எடுக்கலாம், முழுப் பாவாடைக்குப் போதாது.

வெட்டுவது பற்றி: காஷ்மீர் சால்வைகளுக்கு 1870-களில் இதேதான் நடந்தது. பஸ்ஸில் வந்ததும் பெரிய சதுரச் சால்வையை முதுகில் போட்டால் அது அந்தப் புடைப்பை மறைத்துவிட்டது. சால்வைக்கு மவுசு போனது. பல வருடம் தறியில் கிடந்த சால்வைகளைக் கத்தரித்து டால்மன் என்ற மேலங்கியாகத் தைத்தார்கள். இன்று அருங்காட்சியகங்களில் அந்த டால்மன்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். உங்கள் சேலையை வெட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். அது சேலையாகவே இருக்கட்டும்.

நிறம் பட்டில்தான் கிடைக்கும் என்று நினைத்தால், நம் மயில்கழுத்து மாதிரி பாவு ஒரு நிறம் ஊடை ஒரு நிறமாக நெய்த பட்டு அன்றைக்கும் பிரியமான ஒன்று. அதில் அரை மீட்டர் வாங்கிக் கழுத்துப்பட்டிக்கும் கைமடிப்புக்கும் வையுங்கள்.


மேடைத்துணி

கொஞ்சம் எதிர்க்கட்சி பேசுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம். சென்னையில் நாடகக் குழுக்களுக்கு உடை தைக்கிறேன். போன வருடம் 1880-ஐ ஒட்டி நடக்கும் ஒரு நாடகத்துக்கு ஆறு பாவாடை. ஏசி சரியாக வேலை செய்யாத அரங்கு. கம்பளி போட்டால் நடிகை மயங்கி விழுந்துவிடுவார்.

பருத்தியில் தைத்தேன், அதுவும் சரித்திரத்துக்குப் பொருந்தியே இருந்தது. பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் பார்த்தொலோமே என்ற ஓவியர் தன் மனைவியை 1881 வாக்கில் வரைந்த படம் இருக்கிறது. கண்ணாடிக் கூடத்தின் வாசலில் நிற்பார். அவர் போட்டிருந்த அதே உடையும் அங்கே பத்திரமாக இருக்கிறது. என்ன துணி? வெள்ளைப் பருத்தியில் கத்தரிப்பூ நிறத்தில் புள்ளியும் கோடும் அச்சடித்தது. அவ்வளவு நேர்த்தியான உடை, துவைக்கிற பருத்தியில்!

நான் எடுத்தது சாட்டின் நெசவுப் பருத்தி. நல்ல கனம், லேசான மினுக்கம். மேடை விளக்கில் பட்டு மாதிரியே தெரிந்தது. ஒன்றிரண்டு பாத்திரத்துக்குப் பாலியெஸ்டர் டஃபெட்டாவும் போட்டேன். பத்தாவது வரிசையில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பணம் கொடுத்து வாங்கிய 4 மீட்டரை ஏன் வீணாக்க வேண்டும்?


கத்தரி_மீனா

தம்பி, பருத்தி பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. கோடைக்கால உடை என்றால் அச்சுப் பருத்தியைத்தான் நானும் சொல்வேன்.

பாலியெஸ்டரில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன், அதுவும் பகல் வெளிச்சத்துக்கு. நான் சரித்திரச் சுத்தம் பார்த்துச் சொல்லவில்லை. அது அயர்ன் பெட்டிக்கு அடங்காது. பஸ்ஸில் பாவாடையில் பாதி வேலை அயர்ன் பெட்டியில்தான். கம்பளியில் தையலை ஆவி கொடுத்து அழுத்தினால் துணி நீங்கள் சொன்ன இடத்தில் படுத்துவிடும். முழங்கை வளைவு மாதிரி வளைக்கலாம், குறுக்கலாம். பாலியெஸ்டர் டஃபெட்டாவில் சூட்டைக் குறைத்தால் மடிப்பு எழுந்துவிடும், கூட்டினால் பளபளவென்று தழும்பு விழும். நீளத் தையல்கள் எல்லாம் புழு நெளிந்த மாதிரி சுருங்கும். மேடையில் பத்தாவது வரிசைக்குத் தெரியாது. பிளாட்ஃபாரத்தில் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துப் பேசுவார்கள், அங்கே தெரியும்.

ஆனால் அந்த 4 மீட்டர் வீணாகாது. உள்பாவாடையில் கடைசி வரிசைச் சுருக்குக்கு வையுங்கள். விறைப்பாக நிற்கும், சலசலக்கும், யார் கண்ணிலும் படாது.

துணி விழுவதைப் பற்றிச் சொன்னேனே, அதற்கு ஒரு ஊரே சாட்சி. யார்க்‌ஷயரில் பிராட்ஃபர்ட். டைட்டஸ் சால்ட்டின் ஆலை 1853-இல் திறந்தது. அல்பாகா ரோமத்தையும் பருத்தியையும் சேர்த்து நெய்த மினுமினுப்பான, கொஞ்சம் விறைப்பான துணியால் அந்த வட்டாரம் கொழித்தது. அகலக் கூண்டுப் பாவாடை போட்ட வரை அந்தத் துணி ஓடியது. 1870-களின் நடுவில் உடை உடலோடு ஒட்டத் தொடங்கியதும் பெண்கள் மென்மையாக விழும் பிரெஞ்சுக் கம்பளிக்கு மாறினார்கள். பிராட்ஃபர்ட் வியாபாரம் ஆட்டம் கண்டது. துணி அதேதான். அது விழுந்த விதம் அந்த உருவத்துக்குப் பொருந்தவில்லை.


நூல்கண்டு

நேற்று ஞாயிறு முழுக்க இதே வேலை. சொல்லியே ஆக வேண்டும்.

சாப்பாட்டு மேசை நாற்காலியின் முதுகில் ஒரு தலையணையைக் கட்டினேன், பஸ்ஸில் கூடு மாதிரி. ஒவ்வொரு துணியிலும் நுனியைச் சுருக்கி, பத்து சென்டிமீட்டர் அகலத்துக்குக் கொத்தாக்கி, நாடாவால் நாற்காலித் தலையில் கட்டித் தொங்க விட்டேன். பெல்கிரேவ் ரோட்டிலிருந்து டுபியான் ஒரு மீட்டர், ஒரு துண்டுக் கடையிலிருந்து பாட்டில் பச்சைச் சூட்டிங் கம்பளி ஒரு மீட்டர், கைவசம் இருந்த டஃபெட்டா.

டஃபெட்டா தலையணையைத் தொடவே இல்லை. அதற்கும் துணிக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. குடை விரித்த மாதிரி நின்றது. டுபியான் முதலில் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கீழே போகப் போக மடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து, முழங்கால் உயரத்தில் மூன்று மடிப்பு மட்டும் மிஞ்சியது. கம்பளி தலையணை மேல் படுத்து, விளிம்பு வரை வந்து, அங்கிருந்து நேராக இறங்கியது. மேலே எண்ணிய பதினொரு மடிப்பும் தரையில் பதினொன்றாகவே இருந்தது. எண்ணிப் பார்த்தேன்.

பிறகு மூன்றிலும் ஒரு மடிப்பு எடுத்து, ஈரத் துணி போட்டு அழுத்திவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கம்பளி மடிப்பு கத்தி முனை மாதிரி அப்படியே இருந்தது. டஃபெட்டா பாதி எழுந்திருந்தது.

அம்மாவின் சேலையைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன். மனசு லேசானது.

கம்பளிதான். இனி எவ்வளவு மீட்டர்? ஒரே துணியில் எல்லாமா, இரண்டு சேர்க்கலாமா?


யாழ்_தையல்

இரண்டு சேருங்கள். 1880-களில் வெற்றுக் கம்பளியோடு கோடு போட்ட கம்பளி, அல்லது கம்பளியோடு வெல்வெட் சேர்த்துத் தைப்பது மிகவும் சாதாரணம். கட்டம் போட்ட துணியும் நிறைய. முன்பக்கம் ஒரு பலகை (பாவாடையின் நீளத் துண்டு) வெல்வெட், மேல்மடிப்பு கம்பளி என்று வைத்தால் சரியான வடிவாக இருக்கும்.

வெல்வெட் எடுத்தால் ஒன்றில் மட்டும் கவனம். நான் பட்ட பாடு. துணி காணாது என்று இரண்டு பலகையை மேல்நோக்கியும் ஒன்றைக் கீழ்நோக்கியும் வெட்டிவிட்டேன். வீட்டு விளக்கில் ஒன்றும் தெரியவில்லை. வெளியில் வெயிலில் இறங்கினால் நடுப்பலகை வேறு நிறம். அதே கறுத்தச் சிவப்பு, ஆனால் இரண்டு பக்கமும் ஆழமாக, நடுவில் வெளிறி. மூன்று கிழமை வேலையைப் பிரித்தேன். வெல்வெட்டைத் தடவிப் பாருங்கள்: கை வழுக்கிப் போகும் திசை ஒன்று, தடுக்கும் திசை ஒன்று. எல்லாப் பலகையிலும் ஒரே திசையில் அம்புக்குறி சோக்கால் போட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுக்க வேண்டும். தடுக்கும் திசை கீழ்நோக்கி இருந்தால் நிறம் இன்னும் ஆழமாகத் தெரியும்.

வெல்வெட்டை நேராக அயர்ன் பண்ணவும் கூடாது. இன்னொரு வெல்வெட் துண்டைக் கீழே கவிழ்த்துப் போட்டு, மேலே ஆவி மட்டும்.


கத்தரி_மீனா

கணக்கு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

1885 பாவாடை ஒரே பாவாடை இல்லை. அடியில் ஒரு அஸ்திவாரப் பாவாடை, அதன் மேல் வெளியே தெரிகிறதெல்லாம் வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். அஸ்திவாரம் முழுக்க லைனிங் பருத்திதான். அன்றைக்கு மினுக்குப் போட்ட பருத்தி. நீங்கள் கெட்டியான பாப்ளின் எடுங்கள், மேல் துணிக்குப் பக்கத்து நிறத்தில். மேல் துணி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும். மடிப்புக்கு அடியில் மறையும் இடத்தில் பழைய உடைகளிலும் வெறும் லைனிங்தான் இருக்கும். விலை உயர்ந்த துணியை யாரும் மறைவில் வைத்து வீணாக்கவில்லை.

அஸ்திவாரத்தின் கீழ்ச்சுற்று இரண்டரை மீட்டர். முன்பலகையும் பக்கப்பலகையும் மேலே குறுகிக் கீழே விரியும், இடுப்பில் சுருக்கே வராது. சுருக்கு எல்லாம் பின்பலகைக்கு. அதுதான் கூட்டின் மேல் ஏறிப் போவது; முன்பக்கத்தைவிட நீளமாக வெட்டாவிட்டால் பின்னால் தூக்கிக்கொண்டு கணுக்கால் தெரியும். எத்தனை சென்டிமீட்டர் கூட்டுவது என்பதைக் கூட்டைக் கட்டிக்கொண்டு நாடாவால் அளந்துதான் சொல்ல முடியும்.

கீழ்வரிசை மடிப்பு. மடிப்பின் மேல் மடிப்பு படாமல் அடுத்தடுத்து வைத்தால் மூன்று மடங்கு துணி. இரண்டரை மீட்டர் சுற்றுக்கு ஏழரை மீட்டர் பட்டி. கம்பளி 150 சென்டிமீட்டர் அகலம் என்றால் ஐந்து பட்டி வெட்டினாலே வரும், ஆனால் ஒட்டுத் தையலுக்குப் போக கொஞ்சம் குறையும், ஆறு வெட்டுங்கள். தைத்த பின் 20 சென்டிமீட்டர் உயரம் வேண்டுமானால் 24 வெட்ட வேண்டும். ஆறு இருபத்துநாலு, 144. மடிப்புக்கு மட்டும் ஒன்றரை மீட்டர். முன் ஏப்ரனுக்கு (முன்பக்கம் மேலே தொங்கும் துண்டு) ஒன்றேகால், பின் மேல்மடிப்புக்கு இரண்டரை. மொத்தம் ஐந்தேகால், கைக்காவலுக்கு ஐந்தரை எடுங்கள். லைனிங் 3 மீட்டர்.

பேட்டர்னைக் கம்பளியில் வைக்கும் முன் காடாத் துணியில் ஒரு தடவை வெட்டிக் கூட்டின் மேல் போட்டுப் பாருங்கள். மேல்மடிப்பை எங்கே பிடித்துத் தூக்குவது என்று பேட்டர்ன் சொல்லும் புள்ளி உங்கள் உடம்புக்குச் சரியாக வராது. கண்ணாடி முன் நின்று குண்டூசியால் நீங்களே பிடிக்க வேண்டும்.

மேல்மடிப்புக்கு லைனிங் போட வேண்டாம், கம்பளிக்கே போதுமான உடல் இருக்கிறது. முன் ஏப்ரனுக்கு மட்டும் மெல்லிய பருத்தியை அதே வடிவில் வெட்டி, இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்துத் தையுங்கள். தையல் விளிம்பு முன்பக்கம் அச்சு விழாது.


பாவும்_ஊடும்

நிறம் பாட்டில் பச்சை என்கிறீர்கள், நல்ல தேர்வு. இன்னும் கண்ணைப் பறிக்கும் நிறமாக இருந்தாலும் தயங்க வேண்டாம். பழைய காலம் என்றால் மங்கல் நிறம் என்ற எண்ணம் மங்கிப்போன புகைப்படங்களால் வந்தது. 1856-இல் பதினெட்டு வயது வில்லியம் பெர்கின் நிலக்கரித் தாரிலிருந்து கொய்னா செய்யப் போய்க் கத்தரிப்பூச் சாயத்தைக் கண்டெடுத்தார். அதற்குப் பிறகு வந்த சாயங்கள் பலவும் அடிக்கிற நிறங்கள்.


நூல்கண்டு

ஒரு சின்னக் கேள்வி. பாவாடையின் கீழ் விளிம்பு உள்பக்கம் என்ன வைப்பது? பேட்டர்னில் "கெட்டித் துணிப் பட்டி" என்று மட்டும் இருக்கிறது.


யாழ்_தையல்

சேலைக்கு ஃபால்ஸ் வைப்பீர்களே, அதேதான்! விளிம்புக்குப் பாரம் கொடுக்கவும், தரையில் உரசித் தேயாமல் காக்கவும் உள்ளே ஒரு பட்டி. நான் உண்மையாகவே ஃபால்ஸ் துண்டுதான் வைத்தேன். இரண்டரை மீட்டர் சுற்றுக்கு ஒரு துண்டே ஏறக்குறைய போதும். தண்ணீரில் ஊற வைத்துச் சுருங்க விட்டு, காய்ந்த பின் தையுங்கள்.


கத்தரி_மீனா

அருமை. அதன் மேல், பாவாடையின் கீழ் விளிம்பை ஒட்டி ஒரு கம்பளி நாடா, ஒரு நூல் கனம் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி. சேறு முதலில் அதில்தான் படும். அழுக்கானால் நாடாவை மட்டும் பிரித்து மாற்றிவிடலாம். அன்றைக்கும் அப்படித்தான் மாற்றினார்கள்.


நூல்கண்டு

விழா முடிந்து வந்து எழுதுகிறேன்.

பாட்டில் பச்சைக் கம்பளி ஐந்தரை மீட்டர், முன்பலகைக்கு அதே நிறத்தில் ஒரு மீட்டர் பருத்தி வெல்வெட். அம்புக்குறி போட்டுத்தான் வெட்டினேன், யாழ். மடிப்பு வரிசைக்கு மூன்று மாலை போனது. ஒவ்வொரு மடிப்பையும் அட்டையில் அளந்து, நூலோட்டி, ஈரத் துணி போட்டு அழுத்தி, ஆறும்வரை மரக்கட்டையை மேலே வைத்தேன். நூலைப் பிரித்தபோது ஒரு மடிப்புகூட அசையவில்லை.

மேல்மடிப்பைப் பேட்டர்ன் சொன்ன இடத்தில் பிடித்தால் இடது பக்கம் பை மாதிரி தொங்கியது. நான்கு விரல் மேலே தூக்கிப் பிடித்ததும் சரியாக விழுந்தது. காடாவில் பார்த்திருக்காவிட்டால் கம்பளியில்தான் தெரிந்திருக்கும்.

காலையில் தூறல். பிளாட்ஃபாரம் முழுக்க ஈரம். பட்டு உடையில் வந்த இருவர் வெயிட்டிங் ரூமை விட்டு வெளியே வரவே இல்லை. நான் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தேன். தண்ணீர் மணி மணியாகக் கம்பளி மேல் நின்றது, உதறினால் போனது. ஒரு வயதான பெண்மணி பக்கத்தில் வந்து, கேட்டுவிட்டு, பின்மடிப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். "என் பாட்டியின் கோட்டுத் துணி இப்படித்தான் இருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நாடாவில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குச் சேறு. ஃபால்ஸ் வரை ஏறவில்லை. நாடாவைப் பிரித்துத் துவைக்கப் போட்டிருக்கிறேன். பாவாடை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

மேடைத்துணி, அடுத்த மே மாதம் இன்னொரு விழா வருகிறது. அந்தச் சாட்டின் நெசவுப் பருத்தி சென்னையில் எந்தப் பக்கம் கிடைக்கும்? டிசம்பரில் ஊருக்கு வருகிறேன்.


மேடைத்துணி

சௌகார்பேட்டை, கோடவுன் தெரு. பிளவுஸ் துணி விற்கும் வரிசையை விட்டுவிட்டு மொத்த வியாபாரக் கடைகளில் கேளுங்கள். "சாட்டின் காட்டன், கனமானது" என்று சொன்னால் எடுத்துப் போடுவார்கள். வாங்கும் முன் ஒரு மீட்டரைக் கொத்தாகப் பிடித்துத் தொங்க விட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.